மூன்று வருட கீபோர்டும் முளை இளகிய பியானோவும்

போன மாதம் திங்கள்சந்தையில் மீனும் காயும் வாங்கிவிட்டுத் திரும்பும்போது, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அக்கா என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார். "மகளுக்குப் பதினஞ்சு முடியுது. பியானோ படிக்கணும், பெரிய மேடையில வாசிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. இனி படிச்சா எடுபடுமா? வயசு கடந்துபோச்சுன்னு எல்லாரும் சொல்லுதாவ." பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரமாகியும் முடியவில்லை. பையிலிருந்த சாளைக்கு வாசம் வர ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன். அன்று சொல்லி முடிக்காததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எனக்கு அந்த வயதில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

நான் ஆரம்பித்தது 16 வயதில், 2011-ல். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த விடுமுறை. எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கலுக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவே இருக்கிறது. அப்பாவுக்கு வாழைக்குலை வியாபாரம், சொந்தமாக ஒரு பழைய டெம்போ. சர்ச் கொயரில் நான் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுவேன். கொயர் பிராக்டிஸ் நடக்கும் பின்னறையில் பழைய பியானோ ஒன்று கிடந்தது. மிஷனரி காலத்தது என்பார்கள். அதன்மேல் பழைய பாட்டுப் புத்தகங்களும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களும் அடுக்கியிருக்கும். ஒரு நாள் பிராக்டிஸ் தொடங்கத் தாமதமானபோது மூடியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினேன். தொண்டை கட்டியவர் குரல்போல ஒரு சத்தம் வந்தது. அழுத்திய கட்டை உள்ளேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாக, தூங்கி எழுந்தவன் மாதிரி மேலே வந்தது. பாதி கட்டைகளுக்குச் சத்தமே இல்லை. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. அன்று இரவு வீட்டில் சொன்னேன், எனக்குப் பியானோ படிக்க வேண்டும் என்று.

வயதைப் பற்றிய பேச்சு அந்த இரவே ஆரம்பித்துவிட்டது. நாலு வயதில், ஐந்து வயதில் தொடங்க வேண்டியது, விரல் இறுகிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்று பெரியப்பா சொன்னார், டியூஷன் அக்கா சொன்னார், கொயரில் இருந்தவர்களும் சொன்னார்கள். பத்து வருடங்களுக்கு மேல் கேட்டாயிற்று. ஆனால் என் பணமும் நாட்களும் எங்கே போயின என்று கணக்குப் பார்த்தால், வயது தின்றது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வேறு வழியாகப் போனது. அந்த வழிகளைப் பற்றி இவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

முதலில் மார்த்தாண்டத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பியானோ, கீபோர்டு, கிட்டார், வயலின் என்று வெளியே போர்டு போட்டிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் 61 கட்டை கீபோர்டுகள். "ரெண்டும் ஒண்ணுதான், பியானோன்னா கொஞ்சம் பெருசு" என்றார் மாஸ்டர். நம்பினேன். 13,500 ரூபாய்க்கு ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தார் அப்பா. மாதம் 700 ரூபாய் ஃபீஸ், 30 மாதம். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடுத் தேர்வுகள் 1, 3, 5 என்று தாண்டித் தாண்டி மூன்று எழுதினேன். மூன்றிலும் பாஸ். சர்டிபிகேட்டுகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். அந்தச் சர்டிபிகேட்டில் பாடத்தின் பெயர் எலெக்ட்ரானிக் கீபோர்டு என்று தெளிவாகவே அச்சாகியிருந்தது. வீட்டில் மூன்று பேரும் தினமும் அதைப் பார்த்தோம். யாருக்கும் உறைக்கவில்லை.

டிரினிட்டியில் பியானோ ஒரு பாடம், எலெக்ட்ரானிக் கீபோர்டு தனிப் பாடம். சிலபஸ் வேறு, வாசிக்கும் முறையும் வேறு. கீபோர்டில் என் இடது கை மூன்று விரலால் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று ஸ்வரத்தை, பிடித்துக்கொண்டு நிற்கும். டிரம்ஸ், பேஸ், தாளம் எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும். கேட்பவர்களுக்கு ஒரு ஆர்கெஸ்ட்ராவே வாசிப்பதுபோல இருக்கும். கல்யாண ரிசப்ஷனுக்கும் கன்வென்ஷனுக்கும் வாசிக்க நினைப்பவர்களுக்கு அது நல்ல படிப்புதான், அதில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்டது அதை இல்லை என்பதுதான் பிரச்சினை. மாஸ்டர் என்னை ஏமாற்றினார் என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அவரும் உண்மையான பியானோவைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை.

2014 மே மாதம் சென்னையில் ஓர் இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அப்பாவோடு ரயில் ஏறினேன். நாகர்கோவிலில் பி.காம் முதல் வருடம் முடிந்திருந்தது. அதை விட்டுவிட்டு இசைக்கே போய்விடலாம் என்று எண்ணம். அறைக்குள் பெரிய கிராண்ட் பியானோ ஒன்று நின்றது. அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். உட்கார்ந்து என் கிரேடு 5 பாட்டை எடுத்தேன். வீட்டில் அழுத்தும் அதே அழுத்தம்தான் கொடுத்தேன். ஒரு சத்தம் வந்தது, அடுத்தது வரவில்லை, அதற்கடுத்தது காதைப் பிளந்தது. பியானோவில் ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒரு சுத்தியல் இருக்கிறது. கட்டையை இறக்கவே ஏறக்குறைய 50 கிராம் பாரம் வேண்டும். மெதுவாக அமுக்கினால் சுத்தியல் கம்பிவரை போகாது, சத்தமே வராது. இந்த ஒரு வாக்கியம்கூட எனக்கு அன்றுவரை தெரியாது. தாளம் போடவும் அங்கே மெஷின் இல்லை. என் இடது கை மூன்று விரலோடு பரிதாபமாக நின்றது. பிறகு ஒரு தாளை நீட்டி, பார்த்த உடனே வாசிக்கச் சொன்னார்கள். கீழ் வரியில் எழுதியிருந்த இடது கை ஸ்வரங்களை என்னால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. அங்கிருந்த ஒரு மேடம் கோபப்படவில்லை. "நீங்க நல்லாத்தான் படிச்சிருக்கீங்க, ஆனா படிச்சது வேற வாத்தியம்மா" என்றார். வெளியே அப்பா மட்டிப்பழம் இருந்த மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார். ரயிலில் மதுரை வரும்வரை அழுதேன்.

கீபோர்டு, ஃபீஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய்க்கு மேல். அதைவிட 16-லிருந்து 19 வரையிலான மூன்று வருடம். தாமதமாக ஆரம்பித்தவளுக்கு அது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அதனால் சேருவதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். வகுப்பில் 88 கட்டையுள்ள, கட்டைக்கு உண்மையான பாரமுள்ள வாத்தியம் ஒன்றாவது இருக்கிறதா? தேர்வு விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தின் பெயரை எழுதப் போகிறார்கள்? ஆசிரியர் இரண்டு கைக்கும் தனித்தனி வரியாக எழுதிய பாட்டை உங்கள் கண்முன் வாசித்துக் காட்டுவாரா? மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். நல்ல ஆசிரியர் சந்தோஷமாக வாசிப்பார்.

அப்புறம் எனக்குக் கிடைத்தவர் திருவனந்தபுரத்தில் ஒரு வயதான சார். சனிக்கிழமைதோறும் இரணியலில் பாசஞ்சர் ரயில் பிடித்துப் போய், ஒரு மணி நேரம் பாடம் கேட்டுவிட்டு, மாலையில் திரும்புவேன். டிக்கெட் பணம் ஒன்றும் பெரிதில்லை, ஒரு முழு நாள்தான் போகும். முதல் நாள் என்னைப் பாடச் சொன்னார். கொயரில் சோல்ஃபா, அதாவது டோ ரே மி எழுத்துகளைப் பார்த்து ஆல்ட்டோ பாடிப் பழகியதால், அவர் வாசித்த நாலு ஸ்வரத்தில் நடுவில் இருப்பதைத் தனியாகப் பிரித்துப் பாடிவிட்டேன். "மோளே, உனக்குக் காது இருக்கு. கண்ணும் இடது கையும்தான் இல்ல" என்றார். மூன்று வருடத்தில் என்னைப் பற்றி ஒருவர் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நம் மாவட்டத்தில் சர்ச்சில் நாலு குரலில் பாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொத்து இருக்கிறது. பதினைந்து வயதில் ஆரம்பிப்பவர் வெறுங்கையோடு ஆரம்பிப்பதில்லை. இடது கைக்கு மட்டும் ஆறு மாதம் தனிப் பாடம் நடந்தது. வலது கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்து ஆடப் பார்க்கும்.

அடுத்த அடி 2015-ல். அந்த வருடம்தான் மாஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி போட்டியில் லூகா டெபார்க் என்ற பிரெஞ்சுக்காரர் நான்காம் இடம் வாங்கினார். பதினொன்றில் ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டு, இருபது வயதில்தான் முறையாகப் படிக்க வந்தவர் என்று செய்தி. அதை நூறு தடவையாவது படித்திருப்பேன். பதினொன்றும் பதினாறும் ஒன்றில்லை என்பதையோ, அவர் ஊரில் தடுக்கி விழுந்தால் பியானோ இருக்கும் என்பதையோ யோசிக்கவில்லை. எனக்கும் உண்மையான பியானோ ஒன்று இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. புதிது வாங்க வழியில்லை. கொச்சியில் வீடு காலி செய்கிறார்கள், பழைய அப்ரைட் பியானோ ஒன்று இருக்கிறது என்று ஒரு புரோக்கர் சொன்னார். அம்மா சங்கிலியையும் இரண்டு வளையலையும் அடகு வைக்கக் கழற்றிக் கொடுத்தார். 1,35,000 ரூபாய். சாரிடம் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். இதை எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பாவின் டெம்போ அவ்வளவு தூரம் தாங்காது என்று வேறு வண்டி பிடித்தோம். ஏற்ற இறக்க ஆளோடு 16,000. பியானோ 200 கிலோவுக்கு மேல். எங்கள் வீட்டு நடையில் ஏற்ற எட்டுப் பேர் வேண்டியிருந்தது, ஊரே வந்து பார்த்தது. பத்து நாள் சொர்க்கம். பிறகு மழை பிடித்தது. ஒரு வாரத்தில் நடுக் கட்டைகள் சுருதி இறங்கின. திருவனந்தபுரத்திலிருந்து டியூனர் வந்து ஏற்றிவிட்டுப் போனார். நாலாவது நாள் மறுபடி இறங்கியது. இரண்டாம் தடவை வந்தவர் முன்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கம்பிகளைச் சுற்றியிருக்கும் இரும்பு முளைகள் ஒரு மரக்கட்டையில் இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கும். அந்த இறுக்கம்தான் சுருதியைப் பிடித்து நிறுத்துகிறது. இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகளின் இழுவிசையைக் கூட்டினால் பல டன் வரும். எங்கள் பியானோவில் அந்த மரக்கட்டையே நீளவாக்கில் வெடித்திருந்தது. ஒரு முளையை அவர் சாவியே இல்லாமல் விரலால் திருகிக் காட்டினார். திரும்பியது. சரி செய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். வாங்கின விலையைவிடக் கூட ஆகும், அதுவும் இங்கே செய்ய முடியாது என்றார். இரண்டு தடவைக்கும் 7,000 கொடுத்தோம். ஆக 1,58,000.

அப்பா அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "ஏத்தங்குலை ஒண்ணு எடுக்கணும்னாலே நாலு காயைத் தட்டிப் பாப்பேன். இதை மூடிகூடத் திறக்காம வாங்கியிருக்கோம், கேட்டியா." அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய பியானோ வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், 3,000 ரூபாய் ஆனாலும் ஒரு டியூனரைக் கூடவே அழைத்துப் போங்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் டியூனர் வேண்டாம். முன்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். முளைக்கட்டையில் வெடிப்பு, கம்பியில் துரு, சுத்தியல் கம்பளியில் ஆழமான தடம், பின்பக்கப் பலகையில் கீறல், கரையான் மண், எலி கடித்த அடையாளம் ஆகியவற்றைப் பாருங்கள். 88 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். வாங்கிய பிறகும் நம் ஊர் விடாது. பியானோவுக்கு ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் கடல் காற்று. ஃபேன் இறக்கையே துருப்பிடிக்கும் ஊரில் கம்பி என்ன செய்யும்? வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். பழைய ஆட்கள் உள்ளே சின்ன குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு ஈரத்தை ஓட்டுவார்கள். அது வேலை செய்யும், ஆனால் கம்பளிக்கும் மரத்துக்கும் படாமல் கட்ட வேண்டும். இவ்வளவும் பார்க்க முடியாதவர்களுக்கு, பாரமுள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ போதும். நான் 2016-ல் 42,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கினேன். 12 கிலோவுக்குள் இருக்கும், நானே தூக்குவேன். கிரேடு 8 வரை அதில்தான் படித்தேன். உண்மையான பியானோவின் தொடுகை சனிக்கிழமைகளில் சார் வீட்டில் கிடைத்தது.

பி.காம் முடிந்ததும் வீட்டில் ஓர் ஒப்பந்தம். இரண்டு வருடம் வேலைக்குப் போகச் சொல்ல மாட்டோம், மாப்பிள்ளை பார்க்க மாட்டோம், அதற்குள் ஏதாவது காட்டு. நான் பைத்தியம் பிடித்தமாதிரி வாசிக்க ஆரம்பித்தேன். காலை நாலு முதல் ஏழு, பிறகு பகலில் இரண்டு மணி நேரம், இரவில் இன்னும் இரண்டு. உட்கார்ந்தது பிளாஸ்டிக் நாற்காலியில். உயரம் போதாமல் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தே இருந்தது. டிசம்பரில் வலது முன்கையில் ஓர் எரிச்சல். வலிக்கிறது என்றால் நன்றாக உழைக்கிறேன் என்று அர்த்தம் என்று நினைத்தேன். இப்படி ஒரு நினைப்பு எங்கிருந்துதான் வந்ததோ. 2017 ஜனவரியில் ஒரு நாள் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாதி மூடி கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. பெருவிரலுக்கு அதைப் பிடிக்கும் வலுவில்லை.

நாகர்கோவிலில் டாக்டர், தசைநாண் வீக்கம் என்றார். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது. ஆறு வாரம் மூன்று மாதமானது. பிசியோதெரபிக்கு 9,000. கட்டியிருந்த கிரேடு 8 தேர்வுப் பணமும் போயிற்று. ஷூமன் என்ற பெரிய இசையமைப்பாளர் இளம் வயதில் வலது கையைக் கெடுத்துக்கொண்டு, பியானோ வாசிப்பதையே விட வேண்டிவந்த கதை நெட்டில் கிடைத்தது. இரவெல்லாம் அதையே படித்துக்கொண்டு கிடந்தேன். கை போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். அந்த மூன்று மாதம்தான் எல்லாவற்றிலும் மோசமான காலம். பியானோ உடைந்தபோதாவது கோபப்பட ஒரு புரோக்கர் இருந்தார்.

திரும்பி வந்தபோது சார் முதலில் ஸ்டூலைத்தான் பார்த்தார். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும், அல்லது ஒரு விரற்கடை மேலே. பாதம் முழுசாகத் தரையில் படிய வேண்டும். தோளைக் காதுக்குத் தூக்கக் கூடாது. இருபத்தைந்து நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் எழுந்துவிட வேண்டும். வலி வந்த அந்த நொடியே நிறுத்த வேண்டும், பாட்டின் கடைசி வரியாக இருந்தாலும் சரி. தாமதமாக ஆரம்பித்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறோம் என்று நினைக்கிறேன். பத்து வருடத்தை இரண்டு வருடத்தில் பிடிக்கப் பார்க்கிறோம். பிறகு நான் மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசிக்கவில்லை. பாதி நேரம் கட்டையைத் தொடாமல் தாளை மட்டும் பார்த்து மனதில் வாசித்தேன். 2018-ல் கிரேடு 8-ல் 78 மார்க். டிரினிட்டியில் 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். அந்த 78 எனக்கு எவ்வளவு பெரிது என்பதை விளக்கத் தெரியவில்லை.

இனி மேடை. வார்சாவில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் சோபின் போட்டிக்கு வயது வரம்பு 16-லிருந்து 30. அதாவது நான் முதல் கட்டையை அழுத்திய வயதில், அங்கே மற்றவர்கள் போட்டிக்குத் தகுதி பெறுகிறார்கள். இதைப் படித்த அன்று வெறுமனே சிரித்தேன். 2019-ல் சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றபோது, அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத சொந்தக்காரர் இல்லை. "அந்தப் பையனுக்குப் பதிமூணு, உனக்கு இருபத்துநாலு" என்று ஒரு சித்தப்பா கணக்கும் போட்டு அனுப்பினார். அவர் சொன்னது சரி. அந்த வகை மேடை எனக்கு வராது. வாரம் ஒரு நாள் பாசஞ்சரில் போய்ப் படித்து அங்கே போக முடியாது. வயது ஒரு காரணம், ஆனால் அது மட்டுமில்லை. ஒரு பெரிய ஆசிரியரிடம் தினமும் இருப்பது, கூட வாசிக்க ஆட்கள், வருடத்துக்கு இருபது தடவை மேடை, இவை எதுவும் எனக்கு இல்லை. இதை ஏற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. ஏற்றுக்கொண்ட பிறகுதான் வேறு மேடைகள் கண்ணில் பட்டன.

முதல் சம்பளம் கோவளத்தில், ஒரு ஹோட்டல் லாபியில், மூன்று மணி நேரத்துக்கு 2,500 ரூபாய். ராத்திரி பத்தரைக்குத்தான் முடியும் என்பதால் அப்பா கூட வந்தார். அவர் லாபியில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மணி நேரமும் பார்க்கிங்கில் டெம்போவுக்குள் இருந்தார். உள்ளே யாரும் கைதட்டவில்லை, நிறையப் பேர் திரும்பியே பார்க்கவில்லை. முதலில் அது சுட்டது. பிறகு பழகியது. அந்த வேலையில் பணம் இரண்டு மாதம் தள்ளித்தான் வந்தது, அதுவும் பத்து போன் போட்ட பிறகு. அதிலிருந்து பாதி அட்வான்ஸ் வராமல் கிளம்புவதில்லை. வாத்தியம் யார் கொண்டு வருவது, ஸ்பீக்கர் யாருடையது, எத்தனை மணிக்கு முடியும், பெண் என்றால் திரும்பும் வண்டிக்கு யார் பொறுப்பு என்பதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்கிறேன். வாயால் சொன்னதை நம்ப முடியவில்லை.

கொரோனா இரண்டு வருடத்தைத் தின்றது. அப்போது ஆன்லைனில் பாடம் எடுக்கத் தொடங்கினேன். டிரினிட்டியின் டிப்ளமோவான ஏ.டி.சி.எல்-ஐ 2022-ல், இரண்டாவது முயற்சியில் வாங்கினேன். முதல் முயற்சி போனதற்கு நான் ஆசைப்பட்டு எடுத்த கடினமான பாட்டுதான் காரணம். இப்போது கணக்கு இப்படி: 14 மாணவர்கள், ஜனவரியிலும் மே மாதத்திலும் சர்ச் கல்யாணங்கள், ஒன்றுக்கு மூன்றாயிரத்திலிருந்து ஐந்தாயிரம்வரை, கொயர்களுக்குத் துணை வாசிப்பு, எப்போதாவது ரெக்கார்டிங். மாதம் சராசரியாக 28,000 முதல் 30,000. அதில் மேடையில் வாசித்து வருவது மூன்றில் ஒரு பங்குதான். தனிக் கச்சேரி இதுவரை மூன்று. அதில் ஒன்றுக்குப் பணம் இல்லை, ஒரு சால்வை. பி.காம் படித்த தோழி வங்கியில் இதைவிட இரண்டு மடங்கு வாங்குகிறாள். அம்மாவின் சங்கிலியை 2023 கல்யாண சீசனில் மீட்டுவிட்டேன். வளையல்கள் முன்பே ஏலத்தில் போய்விட்டன. டிகிரியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போயிருந்தால் இந்த வருமானம்கூட வந்திருக்குமா என்று தெரியாது. பிள்ளைகளிடம் நான் சொல்வது, டிகிரியை முடித்துக்கொண்டே இதைச் செய்யுங்கள் என்பதுதான். சில பெற்றோருக்கு இதைக் கேட்டால் நிம்மதி, சில பிள்ளைகளுக்குக் கோபம்.

உடைந்த பியானோ இப்போதும் முன்னறையில்தான் நிற்கிறது. விற்கவும் முடியாது, இறக்க எட்டுப் பேர் வேண்டும். முன்பலகையைக் கழற்றியே வைத்திருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளை அதன்முன் உட்கார வைத்து ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்தச் சொல்வேன். சுத்தியல் பாதி தூரம் போய், கம்பியைத் தொடாமல் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் வேகமாக அழுத்தினால் தொடும். சுருதி இல்லாவிட்டால் என்ன, இதைக் காட்ட அது போதும்.

திங்கள்சந்தை அக்காவிடம், ஒன்றும் வாங்காதீர்கள், இரண்டு மாதம் செவ்வாயும் சனியும் பிள்ளையை அனுப்புங்கள், என் வாத்தியத்திலேயே வாசிக்கட்டும், வயதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றேன். போன செவ்வாய் மழை என்று வரவில்லை. சனிக்கிழமை கட்டாயம் வருகிறோம் என்று நேற்று போன் செய்தார்கள். ஸ்டூலைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். அந்தப் பிள்ளை என்னைவிட உயரம்.